பிஎச்பி நிரலிலிருந்து தரவுத்தள வினவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல ஆண்டுகளாக எனக்குச் சோறு போடுவது, இணையப் பக்கங்களை உருவாக்கும் நிரல்மொழியான பிஎச்பியும் தரவுகளைச் சேமித்துவைக்கும் தரவுத்தளமான மைஎஸ்க்யூஎல்லும்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சிலவற்றை ஒரு காலத்தில் நானே பிறரிடம் கேட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊர் நூலகத்தின் இணையதளத்தை வைத்துக்கொள்வோம். அதில் உறுப்பினர்கள், நூல்கள், இரவல் என்று மூன்று அட்டவணைகள். கட்டளைகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும்.

வினவல் ஓடும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

வாசகர் உலாவியில் ஒரு பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை வெப் சர்வருக்குப் போகிறது. அது பிஎச்பியை எழுப்புகிறது. பிஎச்பி, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து மைஎஸ்க்யூஎல்லின் கதவைத் தட்டுகிறது. வழக்கமான கதவு எண் 3306. திறந்ததும் வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வியை, அனுப்புகிறது. மைஎஸ்க்யூஎல் அதைப் படித்து, இலக்கணம் பார்த்து, எந்த வழியில் தேடினால் சீக்கிரம் கிடைக்கும் என்று திட்டமிட்டு, கிடைத்த வரிசைகளைத் திருப்பி அனுப்புகிறது. பிஎச்பி அவற்றை எச்டிஎம்எல் ஆக்கி உலாவிக்குக் கொடுக்கிறது. உலாவிக்கும் தரவுத்தளத்துக்கும் நேரடியாகப் பேச்சே இல்லை.

இதில் ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வினவல் எழுதும் மொழியான எஸ்க்யூஎல் பிஎச்பிக்குத் தெரியாது. வினவல் அதற்கு வெறும் எழுத்துச் சரம். உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரர் வேலைதான் அதற்கு. கீழே வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

பழைய புத்தகத்தில் இருந்தபடி மைஎஸ்க்யூஎல்_கனெக்ட் என்று எழுதினேன். அப்படி ஒரு செயற்கூறே (ஃபங்ஷன்) இல்லை என்கிறதே?

உண்மையாகவே இல்லை. மைஎஸ்க்யூஎல்_ என்று தொடங்கும் அந்தப் பழைய குடும்பத்தைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013-இல் வந்த பிஎச்பி 5.5 எச்சரித்தது. 2015 டிசம்பரில் வந்த 7.0 அதை அடியோடு நீக்கிவிட்டது. புத்தகத்தைத் தூக்கிப் போட வேண்டாம். எஸ்க்யூஎல் அத்தியாயம் இன்றும் செல்லும். இணைப்பு பற்றிய அத்தியாயத்தை மட்டும் கிழித்துவிடுங்கள்.

தரவுத்தளத்தோடு இணைக்க மைஎஸ்க்யூஎல்ஐ, பிடிஓ என்று இரண்டு வழிகள் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் பிடிஓ. 2005-இல் பிஎச்பி 5.1-உடன் வந்தது. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எனப் பல தரவுத்தளங்களுடனும் ஒரே மாதிரி பேசும். மைஎஸ்க்யூஎல்ஐ, மைஎஸ்க்யூஎல்லுடனும் அதன் உடன்பிறப்பான மரியாடிபியுடனும் மட்டுமே பேசும். (உடன்பிறப்பு என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. இரண்டையும் உருவாக்கிய மைக்கேல் வைடேனியஸின் மூத்த மகள் பெயர் மை, இளையவள் பெயர் மரியா.) ஏற்கெனவே மைஎஸ்க்யூஎல்ஐயில் எழுதி ஓடிக்கொண்டிருக்கும் தளத்தை இதற்காக மாற்றி எழுதாதீர்கள். பிஎச்பி 8.2-இல் அதற்கும் எக்ஸிக்யூட்_குவெரி என்ற சுருக்கமான வழி வந்துவிட்டது.

எல்லாப் பெயருக்கும் தேடல் சரியாக வேலை செய்கிறது. ஒரே ஓர் உறுப்பினருக்கு மட்டும் பிழை வருகிறது. ஏன்?

அவர் பெயர் டி'சோசாவாக இருக்கும்.

வினவலை நீங்கள் இப்படி ஒட்டியிருப்பீர்கள்: பெயரை வாங்கி, முன்னும் பின்னும் ஒற்றை மேற்கோள் வைத்து, சரத்தோடு சேர்த்திருப்பீர்கள். கண்ணன் என்று தேடினால் மைஎஸ்க்யூஎல்லுக்குப் போவது இது (வேர் என்பது, எந்த வரிசைகள் வேண்டும் என்ற நிபந்தனையைத் தொடங்கும் ஆங்கிலச் சொல்):

செலக்ட் * ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் பெயர் = 'கண்ணன்'

டி'சோசா என்று தேடினால் போவது இது:

செலக்ட் * ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் பெயர் = 'டி'சோசா'

மைஎஸ்க்யூஎல்லின் கண்ணால் இதைப் படியுங்கள். மேற்கோள் திறக்கிறது, 'டி' என்ற பெயர், மேற்கோள் மூடுகிறது. அதற்குப் பிறகு சோசா என்று ஏதோ நிற்கிறது. அப்படி ஒரு கட்டளை இல்லை. பிழை 1064.

இது பிழையோடு நின்றது உங்கள் நல்ல காலம். பெயர்ப் பெட்டியில் ஒருவர் ' ஆர் '1'='1 என்று அடித்தால் என்ன ஆகும்?

செலக்ட் * ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் பெயர் = '' ஆர் '1'='1'

ஆர் என்றால் அல்லது. இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஒன்றும் ஒன்றும் சமம் என்பது எல்லா வரிசைக்கும் உண்மை. ஆகவே உறுப்பினர் பட்டியல் முழுவதும் வந்து விழும். உள்நுழைவுப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தால் கடவுச்சொல் இல்லாமலேயே கதவு திறந்துகொள்ளும்.

எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று சொல்வது இதைத்தான். ஃப்ராக் என்ற மின்னிதழ் 1998 டிசம்பரிலேயே இதை எழுதிவிட்டது. பதினேழு ஆண்டுகள் கழித்து, 2015-இல், பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்திலிருந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்கள் இதே வழியில் போயின. அந்நாட்டுத் தகவல் ஆணையர் விதித்த அபராதம் 4,00,000 பவுண்டு.

இதற்கு என்ன மருந்து?

வாக்கியத்தை ஒரு தடவையும் மதிப்பை இன்னொரு தடவையும் அனுப்புங்கள். இரண்டையும் ஒரே சரமாக ஒட்டாதீர்கள். முதலில் ப்ரிப்பேர்:

செலக்ட் * ஃப்ரம் உறுப்பினர்கள் வேர் பெயர் = ?

கேள்விக்குறியைச் சுற்றி மேற்கோள் வைக்கக் கூடாது. வைத்தால் அது கேள்விக்குறி என்ற பெயருள்ள உறுப்பினரைத் தேடப் போகும். பிறகு எக்ஸிக்யூட்; அதில் பெயரை ஓர் அணியாக (அர்ரே) கொடுக்கிறீர்கள். மைஎஸ்க்யூஎல் வாக்கியத்தின் இலக்கணத்தை முன்னமே பார்த்து முடித்துவிட்டது. பின்னால் வருவதில் மேற்கோள் இருந்தாலும், அட்டவணையை அழிக்கும் டிராப் டேபிள் என்றே இருந்தாலும், அதை ஒரு பெயராகத்தான் பார்க்கும். அப்படிப் பெயருள்ள உறுப்பினர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடும்.

கேள்விக்குறி நான்கைந்து சேர்ந்துவிட்டால் எது எதற்கு என்று குழம்பும். அப்போது :பெயர், :ஊர் என்று முக்காற்புள்ளி வைத்த பெயர்களை (இவற்றையும் ஆங்கில எழுத்துகளில்தான்) பயன்படுத்துங்கள்.

மேற்கோளுக்கு முன் சாய்கோடு சேர்க்கும் ஆட்ஸ்லாஷஸ் போட்டால் போதும் என்று ஒருவர் சொன்னாரே?

அவர் 2003-இல் கற்றுக்கொண்டவராக இருப்பார். மேற்கோளுக்கு முன் தானாகவே சாய்கோடு போடும் மேஜிக் கோட்ஸ் என்ற வசதி பிஎச்பியிலேயே இருந்தது. காத்ததைவிடக் கெடுத்தது அதிகம் என்று 5.4 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மேற்கோளே இல்லாத இடத்தில், அதாவது எண் = 5 என்பது போன்ற இடத்தில், சாய்கோட்டால் பயனே இல்லை. 5 ஆர் 1=1 என்று அடிக்கிறவருக்கு மேற்கோள் எதற்கு?

கேள்விக்குறி எல்லா இடத்திலும் வேலை செய்யுமா?

செய்யாது. இங்கேதான் பலர் மனம் வெறுத்துப் பழைய ஒட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கேள்விக்குறி மதிப்புக்கு மட்டும் இடம் பிடிக்கும். அட்டவணையின் பெயருக்கோ, புலத்தின் (நெடுவரிசையின்) பெயருக்கோ, ஏறுவரிசை இறங்குவரிசைக்கோ அதை வைக்க முடியாது. காரணம் எளிது: எந்த அட்டவணை என்று தெரியாமல் மைஎஸ்க்யூஎல் எப்படித் திட்டமிடும்?

நூல்களைத் தலைப்பு வாரியாகவோ ஆண்டு வாரியாகவோ அடுக்க வாசகருக்கு உரிமை தர வேண்டும் என்றால், அனுமதித்த பெயர்களை நிரலிலேயே ஒரு பட்டியலாக வையுங்கள். வந்தது அந்தப் பட்டியலில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்; இல்லாவிட்டால் தலைப்பு என்று வைத்துவிடுங்கள். வாசகர் அடித்த எழுத்து அப்படியே, வரிசைப்படுத்தும் கட்டளையான ஆர்டர் பைக்குப் பின்னால் போய் உட்காரக் கூடாது.

சொல்லின் ஒரு பகுதியை வைத்துத் தேடும் லைக் தேடலில் விழுக்காட்டுக் குறியை வினவலில் எழுதாமல் மதிப்போடு சேர்த்து அனுப்ப வேண்டும். வினவலில் லைக் ? என்று மட்டும் இருக்கட்டும்; எக்ஸிக்யூட்டில் %பாரதி% என்று கொடுங்கள். பட்டியலில் உள்ள எதனோடு பொருந்தினாலும் சரி என்கிற இன் பட்டியலுக்கு ஒரே கேள்விக்குறி போதாது. ஏழு எண்கள் இருந்தால் ஏழு கேள்விக்குறிகள் வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால் வினவலையே ஓட்டாதீர்கள். இன் () என்பது மைஎஸ்க்யூஎல்லுக்கு இலக்கணப் பிழை.

சொன்னபடியே எழுதினேன். எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லும் லிமிட் ? என்ற இடத்தில் மட்டும் 1064 வருகிறதே?

இதற்காக நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். பிடிஓ, மைஎஸ்க்யூஎல்லுடன் பேசும்போது இயல்பாக ஒரு போலி வேலை செய்கிறது. ப்ரிப்பேர் என்று நீங்கள் சொன்னாலும் அது சர்வருக்குப் போகாமல், தானே மதிப்புகளைப் பாதுகாப்பாக மேற்கோளிட்டு, கேள்விக்குறி இருந்த இடத்தில் செருகி, முழு வாக்கியமாக அனுப்புகிறது. எக்ஸிக்யூட்டில் அணியாகக் கொடுத்தவை எல்லாம் அதற்கு எழுத்துச் சரங்கள்தாம். எனவே போவது லிமிட் '10'. லிமிட்டுக்கு மேற்கோள் ஆகாது.

இரண்டு வழிகள் உண்டு. பைண்ட்வேல்யூ வழியாக, இது முழுஎண் என்று வகையைச் சொல்லிக் கொடுக்கலாம். அல்லது இணைக்கும்போதே எமுலேட் ப்ரிப்பேர்ஸ் என்ற அமைப்பைப் பொய் (ஃபால்ஸ்) என்று வைத்துவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன். வாக்கியம் வேறாகவும் மதிப்பு வேறாகவும் போக வேண்டும் என்று நினைத்த பிறகு, உண்மையிலேயே அப்படிப் போவதுதானே முறை.

பிழைச் செய்தியே வரவில்லை, வெள்ளைப் பக்கம்தான் வருகிறது.

பிஎச்பி பதிப்பைப் பாருங்கள். பிடிஓ 8.0 பதிப்பிலிருந்தும் மைஎஸ்க்யூஎல்ஐ 8.1 பதிப்பிலிருந்தும் வினவல் தோற்றால் விதிவிலக்கை (எக்ஸெப்ஷன் என்ற பிழை அறிவிப்பை) வீசுகின்றன. அதற்கு முந்தையவை வாயைத் திறக்காமல் பொய் என்ற மதிப்பைத் திருப்பிவிட்டு நகர்ந்துவிடும். பழைய பதிப்பில் இருக்கிறீர்கள் என்றால் எர்ர்மோடு அமைப்பை எக்ஸெப்ஷன் என்று மாற்றுங்கள். செய்தியைச் சர்வரின் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். பொதுமக்கள் பார்க்கும் பக்கத்தில் காட்டாதீர்கள். அதில் உங்கள் அட்டவணைப் பெயர்கள் எல்லாம் இருக்கும்.

அடிக்கடி கண்ணில் படும் எண்கள்: 1045 என்றால் பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 1062 என்றால் தனித்திருக்க வேண்டிய மதிப்பு இரண்டாவது முறை வந்துவிட்டது. 2002 என்றால் சர்வரையே எட்ட முடியவில்லை. யுனிக்ஸ் வகைக் கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால் சாக்கெட் கோப்பு வழியாகவும், 127.0.0.1 என்று எழுதினால் 3306 வழியாகவும் போகும். ஒன்று அடைத்திருந்தால் மற்றதை முயலுங்கள். 1064-க்கு ஒரு துப்பு: செய்தி மேற்கோள் காட்டும் துண்டு எங்கே தொடங்குகிறதோ, தவறு பெரும்பாலும் அதற்குச் சற்று முன்னால் இருக்கும். ஆர்டர், குரூப் போன்ற ஒதுக்கப்பட்ட சொற்களை அட்டவணைப் பெயராக வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்.

தமிழில் சேமித்தேன். திரும்ப எடுத்தால் கேள்விக்குறிகளாகவோ விநோத எழுத்துகளாகவோ வருகிறது.

இரண்டும் வெவ்வேறு நோய்கள். எது உங்களுடையது என்று முதலில் பாருங்கள்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். தமிழ் என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். இணைப்பு, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 என்று அமைந்திருந்தால் மைஎஸ்க்யூஎல் இதைப் பதினைந்து தனித்தனி ஐரோப்பிய எழுத்துகள் என்று நம்பிச் சேமிக்கும். தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர், வேறொரு குறி, மறுபடியும் சாய்கோட்டு ஏ என்று வருகிறதா? அதுதான் இது. பைட்டுகள் எல்லாம் உள்ளே பத்திரமாக இருப்பதால் இதை மீட்டுவிடலாம்.

வெறும் கேள்விக்குறிகள் வந்தால், மைஎஸ்க்யூஎல்லின் சொந்தக் கட்டளைச் சாளரத்தில் சரியான எழுத்துக் குறியீட்டோடு பாருங்கள். அங்கே தமிழ் தெரிந்தால், வெளியே வரும் வழியில்தான் கோளாறு. அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால் தரவு போய்விட்டது, காப்புநகலைத் தேடுங்கள்.

மூன்று இடங்களிலும் ஒரே குறியீடு இருக்க வேண்டும்: அட்டவணை, இணைப்பு, எச்டிஎம்எல் பக்கம். பலர் மறப்பது நடுவில் உள்ள இணைப்பை. பிடிஓவில் இணைப்புச் சரத்திலேயே கேர்செட்=யூடிஎஃப்8எம்பி4 என்று எழுத வேண்டும். எம்பி4-ஐ விட்டுவிடாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் வெறும் யூடிஎஃப்8 என்பது நெடுங்காலமாக மூன்று பைட்டோடு நிற்கும் அரைகுறை வடிவம். தமிழ் எழுத்து அதில் அடங்கிவிடுவதால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும். யாராவது கருத்துப் பெட்டியில் ஓர் எமோஜியைப் போடும் நாளில் 1366 பிழை வரும். 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் நான்கு பைட் வேண்டும். 2018-இல் வந்த மைஎஸ்க்யூஎல் 8.0-இல் எம்பி4-தான் இயல்பு அமைப்பு.

புலத்தின் நீளத்தை வார்கேர்(50) என்று வைத்தால் ஐம்பது தமிழ் எழுத்துகளா?

ஐம்பது குறிகள். ஸ்ரீ என்பது கண்ணுக்கு ஒன்று, கணக்குக்கு நான்கு. பிஎச்பியில் தமிழ் என்ற சொல்லின் நீளத்தை ஸ்டிரிலென் 15 என்றும், எம்பி_ஸ்டிரிலென் 5 என்றும், கிராஃபீம்_ஸ்டிரிலென் 3 என்றும் சொல்லும். மூன்றாவதுதான் பள்ளிப் பிள்ளை எண்ணுகிற கணக்கு. தலைப்பை நறுக்கிக் காட்ட வேண்டிய இடத்தில் எம்பி_சப்ஸ்டர் போட்டு நான்காவது குறியில் வெட்டினால் ழகரத்தின் புள்ளி பறிபோய், தமிழ் என்பது தமிழ என்று நிற்கும். கிராஃபீம்_சப்ஸ்டர் பயன்படுத்துங்கள். உறுப்பினர் பெயருக்கு 50 போதாது. தகப்பனார் பெயரோடு எழுதுகிறவர்களுக்கு குறைந்தது 150 வையுங்கள்.

அட்டவணைக்கும் புலத்துக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், மைஎஸ்க்யூஎல் ஏற்றுக்கொள்கிறது. 64 குறிகள் வரை. பிஎச்பி மாறிகளுக்கும் தமிழ்ப் பெயர் செல்லும். ஒதுக்கப்பட்ட சொல்லோடு மோதாது என்ற ஆதாயமும் உண்டு. ஆனால் கட்டளைக்கு ஆங்கிலம், பெயருக்குத் தமிழ் என்று வரிக்கு ஆறு தடவை விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கும். நான் ஒரு திட்டத்தில் செய்து பார்த்தேன். இரண்டாவது வாரம் விட்டுவிட்டேன்.

வரிசையைத் திருத்தும் அப்டேட் வெற்றி, ஆனால் எத்தனை வரிசை என்று எண்ணிச் சொல்லும் ரோகவுன்ட் பூஜ்யம் என்கிறது.

இருந்த மதிப்பையே மறுபடி எழுதியிருப்பீர்கள். மைஎஸ்க்யூஎல் இயல்பாக, பொருந்திய வரிசைகளை விட்டுவிட்டு உண்மையில் மாறிய வரிசைகளையே எண்ணிச் சொல்கிறது. பூஜ்யத்தை வைத்து, அப்படி ஓர் உறுப்பினர் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

வேர் எழுத மறந்து அப்டேட் ஓட்டிவிட்டேன். திரும்பப் பெற முடியுமா?

பரிவர்த்தனைக்குள் (அதைப் பற்றிக் கீழே) இருந்து, மாற்றத்தை உறுதிசெய்யும் கமிட்டை இன்னும் சொல்லவில்லை என்றால், மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் போதும். மற்றபடி காப்புநகல்தான் கதி.

ஒரு கடைக்கு நான் எழுதிக்கொடுத்த நிரல். வாடிக்கையாளர் ஒருவரின் தொலைபேசி எண்ணை மாற்றச் சொன்னார்கள். அவசரத்தில் அப்டேட்டை அடித்தேன். கண்ணிமைக்கும் நேரத்தில் முடிய வேண்டியது நான்கு நொடி எடுத்தது. அந்த நான்கு நொடியில் வயிறு கலங்கியது இன்னும் நினைவிருக்கிறது. அத்தனை வாடிக்கையாளருக்கும் ஒரே எண். நான் காப்புநகலைத் தேடி எடுத்து மீட்பதற்குள், எல்லோருக்கும் போக வேண்டிய குறுஞ்செய்திகள் அந்த ஒரு மனிதருக்கே போய்க்கொண்டிருந்தன. நல்லவர், திட்டாமல், உங்கள் கடையில் இவ்வளவு வியாபாரமா என்று கேட்டாராம்.

அன்றிலிருந்து கையால் ஓட்டும் அப்டேட்டுக்கு முதலில் வேரைத்தான் எழுதுகிறேன். அதே வேரோடு ஒரு செலக்ட் போட்டு எத்தனை வரிசை வருகிறது என்று பார்த்த பிறகே அப்டேட். மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைச் சாளரத்தில் இதற்கென்றே ஒரு காவல் உண்டு. சேஃப் அப்டேட்ஸ் என்பது அதன் பெயர். அதற்கு அவர்களே வைத்த மாற்றுப் பெயர் ஐ-ஆம்-எ-டம்மி, அதாவது நான் ஒரு மண்டு. வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

பரிவர்த்தனை எப்போது வேண்டும்?

இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்கக் கூடாது என்கிற போது. இரவல் அட்டவணையில் ஒரு வரிசை சேர்க்கிறீர்கள். நூல்கள் அட்டவணையில் கையிருப்பைக் குறைக்கிறீர்கள். நடுவில் மின்சாரம் போனால் நூல் போன கணக்கு உண்டு, கையிருப்பும் உண்டு என்றாகிவிடும். பிகின், இரண்டு வினவல்கள், கமிட்; விதிவிலக்கு வந்தால் ரோல்பேக். அட்டவணை இன்னோடிபி வகையாக இருக்க வேண்டும்; பழைய மைஐசாம் வகையில் ரோல்பேக் என்பது பேச்சுக்குத்தான். நடுவில், அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் போன்றவற்றை ஓட்டினால் கேட்காமலேயே கமிட் ஆகிவிடும்.

ஒரே நேரத்தில் இருவர் பதிவு செய்தால், கடைசியாகச் சேர்த்த வரிசையின் எண்ணைத் தரும் லாஸ்ட்இன்செர்ட்ஐடி இடம் மாறாதா?

மாறாது. அது அந்தந்த இணைப்புக்கு உரியது. அதிகபட்ச எண்ணைத் தேடி எடுப்பவர்களுக்குத்தான் அந்தப் பயம் வேண்டும்.

நூல் பட்டியல் பக்கம் திறக்க ஆறேழு நொடி ஆகிறது.

எத்தனை வினவல்கள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். நூறு நூல்களை எடுத்துவிட்டு, சுற்றுக்குள் ஒவ்வொரு நூலுக்கும் யார் இரவல் வாங்கினார் என்று தனியாகக் கேட்டிருப்பீர்கள், மொத்தம் 101. கறிவேப்பிலைக்கு ஒரு நடை, கொத்துமல்லிக்கு ஒரு நடை என்று கடைக்குப் போவது போல. அட்டவணைகளைச் சேர்த்துப் படிக்கும் ஜாயின் போட்டு ஒரே வினவலாக்குங்கள்.

அப்படியும் மெதுவாக இருந்தால் வினவலுக்கு முன் எக்ஸ்பிளெய்ன் என்று சேர்த்து ஓட்டுங்கள். டைப் என்ற புலத்தில் ஆல் என்று வந்தால் அட்டவணை முழுவதையும் படிக்கிறது என்று பொருள். வேரில் வரும் புலத்துக்கு, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் போடுங்கள். %பாரதி% என்று முன்னாலும் விழுக்காட்டுக் குறி இருந்தால் சாதாரண இண்டெக்ஸ் உதவாது. பாரதி% என்றால் உதவும். அகராதியில் முதல் எழுத்துத் தெரியாமல் சொல் தேடிப் பாருங்கள், காரணம் விளங்கும்.

1040, இணைப்புகள் அதிகம் என்கிறது.

இயல்பு வரம்பு 151. அதை உயர்த்துவதற்கு முன், ஒவ்வொரு செயற்கூறிலும் புதிதாக இணைக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு பக்கத்துக்கு ஓர் இணைப்புப் போதும்; ஸ்கிரிப்ட் முடிந்ததும் அது தானே மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகும் 1040 வந்தால் மெதுவான வினவல் ஏதோ ஒன்று இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறது. ஷோ பிராசஸ்லிஸ்ட் ஓட்டினால் எத்தனை நொடியாக எது நிற்கிறது என்று தெரியும்.

தரவுத்தளக் கடவுச்சொல்லை எங்கே வைப்பது?

இணையத்திலிருந்து எட்டக்கூடிய கோப்புறைக்கு வெளியே ஒரு தனிக் கோப்பில். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் அதைச் சேர்க்காதீர்கள். சேர்த்துவிட்டுப் பிறகு அழித்தாலும் வரலாற்றில் இருக்கும், கடவுச்சொல்லையே மாற்றிவிடுங்கள். நிரல், எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனராக இணையக் கூடாது. நூலகத் தளத்துக்குச் செலக்ட், இன்செர்ட், அப்டேட் உரிமை மட்டும் உள்ள தனிப் பயனர் போதும். டிராப் உரிமை இல்லாத பயனரால் யார் என்ன அனுப்பினாலும் அட்டவணையை அழிக்க முடியாது.